காதில் கேட்பதைக் கையில் வரவழைக்க: சொல்வதை எழுதும் பயிற்சியால் நிறுத்தற்குறிகள் கற்பிக்கும் முழுமையான வழிகாட்டி

'அப்படியா' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியைக் கேட்டு அமைதியாகத் தலையசைப்பவர் சொல்வது 'அப்படியா.' நம்பமுடியாமல் திருப்பிக் கேட்பவர் சொல்வது 'அப்படியா?' வியந்து நிற்பவர் சொல்வது 'அப்படியா!' எழுத்து ஐந்தும் மாறவில்லை. குரல் மட்டும் மூன்றாகிவிட்டது. ஏழு வயதுக் குழந்தையிடம் இந்த மூன்றையும் சொல்லிக்காட்டினால், எந்த விதியும் விளக்காமலே வேறுபாடு புரிந்துவிடும். அதே குழந்தையிடம் ஒரு பத்தி எழுதச் சொன்னால், ஒரு புள்ளிகூட இல்லாமல் பக்கம் முழுவதும் ஓடும். காது அறிந்தது கைக்கு இன்னும் வந்துசேரவில்லை. அவ்வளவுதான் குறை.

அதைக் கைக்குக் கொண்டுவர, சொல்வதை எழுதும் பயிற்சியைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் டிக்டேஷன் என்றால் பத்துச் சொற்கள், பத்து மதிப்பெண்கள். அதில் எழுத்துப்பிழை திருந்தும். நிறுத்தற்குறிக்கு அங்கே வேலையே இல்லை. தனிச்சொல்லில் நிறுத்தம் ஏது? குழந்தைக்கு வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது, குறியின் பெயரை நாம் வாயால் சொல்லாமல் இருப்பது. "மழை நின்றது முற்றுப்புள்ளி" என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தை புள்ளி வைக்கும். ஆனால் எங்கே வைப்பது என்ற முடிவை எடுத்தது நாம்தான். நம் குரலைக் கேட்டுக் குழந்தையே அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

தமிழ் எழுதும் குழந்தைக்கு இது ஏன் கூடுதல் சுமை என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஆங்கிலத்தில் வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும். புள்ளி விடுபட்டாலும் அடுத்த வாக்கியம் எங்கே பிறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஒரு வாக்கியம் முடிந்து இன்னொன்று தொடங்குவதைக் கண்ணுக்குக் காட்டுவது அந்த ஒற்றைப் புள்ளி மட்டுமே. மேலும், இந்தக் குறிகள் நம் எழுத்துக்குப் பிந்தி வந்தவை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியே பெரும்பாலும் இருக்காது. செய்யுளுக்கு அது பெரிய குறையாக இருக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை யாப்பின் ஓசையே சொல்லிவிடும். உரைநடை பெருகி, அச்சு வந்தபிறகுதான் குறிகள் தேவைப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் தங்கள் உரைநடையிலும் பதிப்புகளிலும் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தியதால் அவை நிலைபெற்றன. பெரியவர்கள் பல நூற்றாண்டுகள் இல்லாமலே சமாளித்த ஒன்றை ஒரு குழந்தை மறந்துவிடுகிறது என்பதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

தொடங்கும் முன்

சொற்களைத் தடுமாறாமல் எழுதத் தெரிந்த பிறகே இந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள். பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் அது கைகூடும். எழுத்தைத் தேடித் தேடி எழுதும் குழந்தைக்குக் கவனம் முழுவதும் எழுத்திலேயே போய்விடும். குறியை நினைக்க இடம் இராது. அப்படிப்பட்ட குழந்தையுடன் அடுத்த பகுதியில் சொல்லும் வாய்வழி விளையாட்டுகளை மட்டும் விளையாடுங்கள். பிறகு பயிற்சி எளிதாகும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, நிறப்பென்சில் ஒன்று போதும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம். அது 'தவறு' என்பதன் நிறமாகக் குழந்தையின் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும். பச்சையோ நீலமோ இருக்கட்டும். அதுவும் உங்கள் கையில் அல்ல, குழந்தையின் கையில். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். கை வலித்தால் காது மூடிக்கொள்ளும்.

முதல் வாரம் பென்சிலைத் தொட வேண்டாம்

முதல் வாரம் முழுவதும் கேட்பது மட்டும்தான். குறிகளின் பெயர்களை முதலில் அறிமுகப்படுத்துங்கள். தமிழில் அவற்றின் பெயர்களே பாதிப் பாடத்தை நடத்திவிடுகின்றன: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுமை. நிறுத்தம் படிப்படியாக நீளுவதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். பழைய இலக்கணப் பாடங்களில் இதற்கு மாத்திரைக் கணக்கே உண்டு: காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம்.

இதை விளையாட்டாக்குங்கள். ஒரு கதைப்பத்தியை நீங்கள் நிதானமாகப் படியுங்கள். நிறுத்தம் வரும் இடத்தில் குழந்தை விரலைச் சொடுக்க வேண்டும்: காற்புள்ளிக்கு ஒரு சொடுக்கு, முற்றுப்புள்ளிக்கு நான்கு. (அரையையும் முக்காலையும் இப்போது தொடாதீர்கள். இரண்டு சொடுக்கா மூன்று சொடுக்கா என்று பெரியவர்களாலேயே பிரித்தறிய முடியாது.) இரண்டாம் நாள் இடம் மாற்றுங்கள்: குழந்தை படிக்கட்டும், நீங்கள் சொடுக்குங்கள். குறியைக் கவனிக்காமல் ஓட்டிப் படித்தால் உங்கள் விரல் அசையாது. அந்த அமைதியே குழந்தையை நிறுத்தும்.

அடுத்து, ஒரே சொல்லைப் பல குரல்களில் சொல்லும் விளையாட்டு. 'வந்துவிட்டார்', 'இவ்வளவுதான்', 'நீயா' போன்றவற்றைச் சாதாரணமாகவும் கேள்வியாகவும் வியப்பாகவும் சொல்லுங்கள். குழந்தை காற்றில் விரலால் அந்தக் குறியை வரையட்டும்.

மூன்றாவது விளையாட்டுத்தான் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. 'பாட்டி கதை சொல்' என்று எழுதிக் காட்டுங்கள். 'பாட்டி, கதை சொல்' என்று படித்தால் பாட்டியிடம் கதை கேட்கிறோம். நிறுத்தாமல் 'பாட்டி கதை சொல்' என்று படித்தால் பாட்டியைப் பற்றிய கதையை வேறு யாரோ சொல்ல வேண்டும். 'மாலா அக்கா எங்கே' என்பதும் அப்படித்தான். 'மாலா அக்கா எங்கே?' என்றால் காணாமல் போனவள் மாலா அக்கா. 'மாலா, அக்கா எங்கே?' என்றால் மாலா நம் எதிரிலேயே நிற்கிறாள். ஒரு சிறு வளைகோடு ஓர் ஆளையே இடம் மாற்றிவிடுவதைக் கண்ட குழந்தை, காற்புள்ளியை அலங்காரம் என்று பிறகு நினைக்காது.

எந்தக் குறி முதலில்?

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புகட்ட வேண்டாம். முற்றுப்புள்ளியும் வினாக்குறியும் முதலில். இரண்டு வாரம் அவை மட்டும் வரும் பத்திகளையே சொல்லுங்கள். தமிழில் வினாக்குறி எளிது: 'வந்தாயா', 'பார்த்தானா' என்று ஆகாரத்தில் முடியும் வினாவோ, 'எங்கே', 'யார்', 'ஏன்' என்ற வினாச்சொல்லோ காதில் தெளிவாக விழும்.

அடுத்துக் காற்புள்ளி. அதையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொருள்களை அடுக்கும் இடம், ஒருவரை விளிக்கும் இடம், 'ஆனால்', 'எனவே', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின்வரும் இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். பிறகு உணர்ச்சிக்குறி, இதற்கு நாலைந்து நாள் போதும், குழந்தைகளுக்கு இது தானாகவே பிடித்துப்போகும். பிறகு மேற்கோள்குறி, இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் கடைசி. ஒன்பது, பத்து வயதுக்கு முன்னால் அவசரமே இல்லை.

பத்தியை நீங்களே எழுதுங்கள்

பாடநூலிலிருந்து எடுத்துச் சொல்வதைவிட நீங்களே எழுதிய பத்தி நல்லது. குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் மட்டும் இருக்க வேண்டும். கற்பிக்கும் குறி மூன்று முறையாவது வர வேண்டும். இன்னும் கற்பிக்காத குறி வரக்கூடாது. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த பத்தி நூல்களில் எளிதில் கிடைக்காது. தொடக்கத்தில் பதினைந்து சொற்கள், போகப்போக நாற்பது சொற்கள் வரை போகலாம்.

முதல் கட்டத்துக்கு ஒன்று:

மழை நின்றது. வானம் வெளுத்தது. கிளி எங்கே போனது? மரக்கிளையில் அதைக் காணவில்லை. நீ அதைப் பார்த்தாயா?

காற்புள்ளிக்கு ஒன்று:

பாட்டி, இங்கே வந்து பாருங்கள். என் பையில் பென்சில், அழிப்பான், அளவுகோல் ஆகியவை இருந்தன. இப்போது அழிப்பானை மட்டும் காணவில்லை. ஆனால், பூனையின் வாயில் ஏதோ தெரிகிறது.

கவனியுங்கள்: 'அளவுகோல்' என்பதற்கும் 'ஆகியவை' என்பதற்கும் இடையில் காற்புள்ளி இல்லை. அடுக்கின் கடைசிப் பொருளோடு 'ஆகியவை' ஒட்டிக்கொள்ளும். அதுபோல 'பென்சிலும் அழிப்பானும் அளவுகோலும்' என்று 'உம்' போட்டு எழுதினால், பொருள்களைப் பிரித்துக்காட்டும் வேலையை 'உம்' செய்துவிடுகிறது. சிறு தொடர்களில் காற்புள்ளி தேவைப்படாது. ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

எழுதும் நேரம்

சொல்வதற்கு முன்னால் பத்தியைக் குழந்தை ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும். இது ஏமாற்றுவது ஆகாதா என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), பத்தியைப் படித்துத் தயாரான பிறகே சொல்வதை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். தவறாக எழுதிய வடிவம் கண்ணில் பதிந்துவிட்டால் அதை அழிப்பது கடினம் என்பது அவர் காட்டிய காரணம். நிறுத்தற்குறிக்கும் அது பொருந்தும். இரண்டு நிமிடம் பார்க்கட்டும். குறிகளை எண்ணிச் சொல்லட்டும். பிறகு தாளை மூடிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்க்காமலே எழுதும் நிலைக்குப் போகலாம்.

இனி, மூன்று வாசிப்புகள்.

முதல் வாசிப்பில் பென்சில் மேசைமேல் கிடக்கட்டும். பத்தி முழுவதையும் கதை சொல்வதுபோல இயல்பாகப் படியுங்கள். கேள்வியில் குரல் எழட்டும். முற்றுப்புள்ளியில் தாழ்ந்து அடங்கட்டும். நாடகம்போல மிகைப்படுத்தவும் வேண்டாம், செய்தி வாசிப்பதுபோலத் தட்டையாகவும் வேண்டாம்.

இரண்டாவது வாசிப்பு எழுதுவதற்கு. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பயிற்சி கெட்டுப்போகிறது. நாம் இரண்டு மூன்று சொற்கள் சொல்லி நிறுத்துகிறோம், குழந்தை எழுதுகிறது, மறுபடி சொல்லி நிறுத்துகிறோம். எழுதுவதற்காக விட்ட அந்த இடைவெளியும் காற்புள்ளிக்கான இடைவெளியும் குழந்தையின் காதில் ஒன்றாகவே ஒலிக்கும். விளைவு: 'என் பையில், பென்சில், அழிப்பான், அளவுகோல், ஆகியவை, இருந்தன.' குழந்தை நம் பேச்சை நம்பிக் கேட்டு எழுதியது. பிழை நம் பக்கம்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகளை நான் கையாள்கிறேன். முதலாவது, சொல்லும் துண்டை நிறுத்தற்குறியில் முடிக்காமல் அதைத் தாண்டி முடிப்பது. 'மழை நின்றது' என்று நிறுத்தாமல், 'மழை நின்றது. வானம்' என்று ஒரே மூச்சில், நடுவில் புள்ளிக்கு உரிய தாழ்வோடு சொல்லுங்கள். அடுத்த துண்டு 'வெளுத்தது. கிளி எங்கே'. குறி துண்டின் நடுவில் வந்துவிடுவதால், எழுதுவதற்கான இடைவெளியோடு அது குழம்பாது. தொடக்கத்தில் நம் நாவுக்கு இது புதிதாக இருக்கும். முன்கூட்டியே பத்தியில் துண்டுகளைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டால் எளிது. இரண்டாவது, குழந்தை கேட்ட துண்டை அதே குரலில் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவது. திருப்பிச் சொல்லும்போது குரல் எழுந்தால் கைக்கும் வினாக்குறி நினைவு வரும். சொற்களை மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுதினால் குறி விழுந்துபோகும்.

ஒரு துண்டை இரண்டு முறைக்கு மேல் சொல்லாதீர்கள். மூன்றாம் முறை உண்டு என்று தெரிந்தால் முதல் முறை யாரும் காது கொடுப்பதில்லை.

மூன்றாவது வாசிப்பு குறிகளுக்கு மட்டும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிறப்பென்சிலைக் குழந்தை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் முதல் வாசிப்பைப் போலவே முழுப் பத்தியையும் நிறுத்தங்களோடு படிக்கும்போது, குழந்தை தன் எழுத்தை விரலால் தொடர்ந்து, விட்டுப்போன குறிகளை நிறத்தில் போடும். எழுதும்போதே போட்டவை சாம்பல் நிறத்திலும், கேட்டுத் திருத்தியவை பச்சை நிறத்திலும் நிற்கும். எத்தனை குறிகள் கைக்குத் தானாக வந்தன, எத்தனைக்கு இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும். வாரங்கள் செல்லச் செல்லப் பச்சை குறைவதைப் பார்ப்பது குழந்தைக்குப் பெரிய மகிழ்ச்சி. என் வீட்டில் மதிப்பெண் போடுவதை நிறுத்தியது இதற்குப் பிறகுதான். அது தேவைப்படவே இல்லை.

திருத்துவது எப்படி?

குறியை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். குழந்தை எழுதியதை, எழுதியபடியே படித்துக் காட்டுங்கள். புள்ளி இல்லாத இடத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 'மழை நின்றது வானம் வெளுத்தது கிளி எங்கே போனது' என்று மூச்சுமுட்ட ஓடுங்கள். காற்புள்ளி தவறான இடத்தில் இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். வினாக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி இருந்தால் கேள்வியைச் செய்திபோலத் தாழ்த்திப் படியுங்கள். கேட்கும் குழந்தை முகத்தைச் சுளிக்கும். சுளித்த இடத்திலேயே கை போய் நிற்கும். கேலியாகப் படிக்காமல் இருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. எழுத்து சொன்னபடி நான் படிக்கிறேன் என்ற நேர்மை குரலில் தெரிய வேண்டும்.

அதன் பிறகு மூலத்தாளைத் திறந்து இரண்டையும் குழந்தையே ஒப்பிடட்டும். மிச்சமிருக்கும் பிழைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். எழுத்துப்பிழைகளை அன்று பேச வேண்டாம். ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு வேறு நாளில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் அதே பத்தியை மீண்டும் சொல்லுங்கள். ஒரு பத்திக்கு இரண்டு நாள் கொடுப்பது வீண் அல்ல. இரண்டாம் நாள் அடையும் வெற்றிதான் மூன்றாம் நாள் நோட்டை எடுக்கவைக்கும்.

மேற்கோள்குறிக்கு நேரம் கொடுங்கள்

தமிழில் மேற்கோள் ஒரு தனிச் சிக்கல். பேச்சு முடிந்தது என்பதை 'என்று', 'என்றான்', 'என்றாள்' போன்ற சொற்கள் காட்டிவிடும். பேச்சு எங்கே தொடங்கியது என்று காட்ட எந்தச் சொல்லும் இல்லை. பேச்சைக் கேட்டு முடித்து 'என்று' வந்த பிறகுதான், முன்னால் திறந்திருக்க வேண்டிய குறி நினைவுக்கு வரும். எனவே குழந்தைகள் மூடும் குறியை ஒழுங்காகப் போட்டுவிட்டுத் திறக்கும் குறியை மறப்பது இயல்பு.

இரண்டு குரல்களில் சொல்வதுதான் இதற்கு மருந்து. கதை சொல்பவருக்கு ஒரு குரல், பேசும் பாத்திரத்துக்கு வேறு குரல். குரல் மாறும் கணத்தில் குழந்தை கையைத் திறந்து காட்டட்டும். பழைய குரல் திரும்பும்போது மூடட்டும். இதை நான்கைந்து நாள் வெறும் கையால் செய்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

"அண்ணா, இந்தப் பட்டம் ஏன் பறக்கவில்லை?" என்று மீனா கேட்டாள். "நூல் சிக்கியிருக்கிறது" என்றான் அண்ணன். இருவரும் சிக்கலை அவிழ்த்தார்கள். காற்று வீசியதும் பட்டம் மேலே எழுந்தது. "அடடா! எவ்வளவு உயரம்!" என்று மீனா துள்ளினாள்.

பேச்சின் உள்ளே வரும் வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் பேசியவருக்குச் சொந்தம். அவை மூடும் குறிக்கு உள்ளேயே இருக்கும். 'சிக்கியிருக்கிறது' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை, ஏனென்றால் வாக்கியம் 'அண்ணன்' வரை நீள்கிறது. அந்த இடத்தில் காற்புள்ளி போடும் வழக்கமும் அச்சில் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். மாறி மாறிச் சொன்னால் குழந்தைக்கு எதுவும் நிலைக்காது.

நேர்க்கூற்று கைவந்த பிறகு அதன் பக்கத்திலேயே அயற்கூற்றை வையுங்கள்: "நான் நாளை வருகிறேன்" என்று மீனா சொன்னாள். தான் மறுநாள் வருவதாக மீனா சொன்னாள். இரண்டாவதில் மீனாவின் குரல் கேட்கவில்லை, கதை சொல்பவரின் குரல் மட்டுமே கேட்கிறது. அங்கே மேற்கோள்குறிக்கு இடமில்லை. இரண்டு குரல் பயிற்சி பெற்ற குழந்தை இதை விளக்கமின்றியே உணர்ந்துகொள்ளும்.

காதை மட்டும் நம்பினால் போதாது

இதுவரை காதைப் பெரிதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் காது ஏமாறும் இடங்களும் உண்டு. அவற்றை மூன்றாம் மாதத்துக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'நேற்று மாலை திடலில் விளையாடிய சிறுவர்கள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.' படிக்கும்போது 'எல்லோரும்' என்பதற்குப் பின் மூச்சு வாங்குகிறோம். அது நுரையீரலின் நிறுத்தம், பொருளின் நிறுத்தம் அல்ல. அங்கே காற்புள்ளி வேண்டாம். "மூச்சுக்காக நின்றேனா, பொருளுக்காக நின்றேனா?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

வினாச்சொல் வந்தாலே வினாக்குறி போடும் பழக்கமும் இந்தக் கட்டத்தில் தலைகாட்டும். 'யார் வந்தாலும் கதவைத் திற.' 'அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.' 'யார்' என்பதும் 'எங்கே' என்பதும் இவற்றில் இருக்கின்றன. ஆனால் யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை. "இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும்.

சந்தி எழுதுவதில் வரும் ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெரியவர்களின் எழுத்திலும் இந்தப் பிழையைக் காண்கிறேன். 'மரத்தில் ஏறிப் பழத்தைப் பறித்தான்' என்று சேர்த்து எழுதினால் 'ப்' மிகும். 'மரத்தில் ஏறி, பழத்தைப் பறித்தான்' என்று காற்புள்ளி வைத்துவிட்டால் மிகாது. இரு சொற்களும் அடுத்தடுத்து ஒலித்தால்தான் வல்லெழுத்து இடையில் பிறக்கும். நிறுத்திவிட்ட பிறகு அதற்கு இடமில்லை. 'ஏறிப், பழத்தை' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது பிழை. இரண்டு விதமாகவும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும் குழந்தைக்கு வாயே இதைக் கற்றுக்கொடுத்துவிடும்.

அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்

இவற்றைக் காதால் பிடிப்பது அரிது. பொருளால்தான் பிடிக்க வேண்டும். ஒரே எழுவாய் பல முடிந்த வினைகளைத் தொடர்ந்து செய்யும்போது அரைப்புள்ளி. பின்னால் ஒரு பட்டியலோ விளக்கமோ வருகிறது என்று அறிவிக்க முக்காற்புள்ளி.

நிலா எழுந்தாள்; சன்னலைத் திறந்தாள்; வெளியே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் மூன்று பொருள்கள் கிடந்தன: ஒரு குடை, ஒரு பந்து, ஒரு கடிதம். கடிதம் யாருக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. யார் எழுதியிருந்தாலும் கையெழுத்து அழகாக இருந்தது.

முதல் வாக்கியத்தை மூன்று முற்றுப்புள்ளிகளோடு எழுதினாலும் தவறில்லை. 'எழுதியிருந்தாலும்' என்பதற்குப் பின் காற்புள்ளி வைத்தாலும் ஏற்கலாம். நிறுத்தற்குறியில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு என்பதை இந்த வயதில் மறைக்காமல் சொல்லுங்கள். "ஏன் அங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால், உங்கள் தாளில் வேறு குறி இருந்தாலும் குழந்தையின் குறி நிற்கட்டும்.

இடம் மாறி உட்காருங்கள்

வாரத்தில் ஒரு நாள் குழந்தை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். தானே ஒரு பத்தி எழுதி, குறிகளோடு குரல்கொடுத்துச் சொல்வது எளிதான வேலை அல்ல. குழந்தை நிறுத்தாமல் சொன்னால் நீங்களும் நிறுத்தாமலே எழுதுங்கள். வேண்டுமென்றே இரண்டு குறிகளைத் தவறவிட்டு, திருத்தக் கொடுங்கள். அந்த இரண்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண், பிறகு தன் நோட்டிலும் தேடும்.

உடல்நலமின்றிக் குழந்தை சோர்ந்திருக்கும் நாளில், குறிகளை நீக்கிய பத்தி ஒன்றைக் கொடுத்து, நீங்கள் படிக்கப் படிக்கக் குறிகளை மட்டும் போடச் சொல்லலாம். எழுதும் சுமை இல்லை; காதுக்கு மட்டும் வேலை.

அடிக்கடி எழும் சிக்கல்கள்

சொல்லுக்குச் சொல் காற்புள்ளி வைக்கும் குழந்தைக்கு, துண்டுகளைச் சிறிதாக உடைத்துச் சொல்கிறீர்களா என்று முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள். துண்டை நீளமாக்கினாலே பாதி சரியாகும்.

வரியின் முடிவில் இடம் இல்லை என்று குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பார்கள். குறி முந்தைய சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தனியாக வரி தாண்டாது என்று சொல்லிக்கொடுங்கள். குறிக்கு முன்னால் இடைவெளி இல்லை, பின்னால் உண்டு என்பதும் இதோடு சேர்ந்து வந்துவிடும். திறக்கும் மேற்கோள்குறிக்கு மட்டும் இது தலைகீழ்.

மூன்று நான்கு உணர்ச்சிக்குறிகளை வரிசையாக அடுக்கும் ஆசை எல்லாக் குழந்தைக்கும் வரும். தடுக்க வேண்டாம், அப்படி எழுதியதை அத்தனை உரத்த குரலில் படித்துக் காட்டுங்கள். ஒன்று போதும் என்று குழந்தையே சொல்லும்.

வீட்டில் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறாக இருப்பதால், எழுத்துத் தமிழ் வாக்கியங்களைக் கேட்கும்போது சில குழந்தைகளுக்கு இயல்பான குரல் ஏற்ற இறக்கம் பிடிபடாது. அவர்களுக்கு நாள்தோறும் ஐந்து நிமிடம் கதைப்புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஊறாமல் அதன் நிறுத்தங்கள் கையில் வராது.

மூன்று மாதம் கழிந்தும் சொந்தமாக எழுதும் கட்டுரையில் குறிகளே இல்லை, சொல்வதை எழுதும்போது மட்டும் இருக்கின்றன என்றால் கலங்க வேண்டாம். அங்கே சொல்பவர் ஒருவர் இல்லை என்பதுதான் காரணம். குழந்தை தன் வாக்கியத்தைத் தனக்குத்தானே மெல்லச் சொல்லிவிட்டு எழுதட்டும். எழுதி முடித்ததும் பச்சைப் பென்சிலை எடுத்து, தன் குரலிலேயே மூன்றாவது வாசிப்பைச் செய்யட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருந்து அந்த முணுமுணுப்பைக் கேட்கத் தொடங்கும் நாளில், வாரத்துக்கு மூன்று நாள் என்பதை ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம்.